ஒன்பதரை மணி

(ஆந்திரத்தின் திருச்சானூரில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு. பேச்சு நடையை மாற்றாமல், கிளைச் செய்திகளை மட்டும் குறைத்து அச்சுக்குத் தந்திருக்கிறேன்.)



அலமேலுமங்கைத் தாயாரின் ஊரில் நின்று பேசுகிறேன். பஞ்சமி தீர்த்தத்தன்று பத்ம சரோவரத்தில் முழுகி எழும் கூட்டத்தில் எத்தனை மொழி கேட்கும் என்பது உங்களுக்குத் தெரியும். இங்குள்ள பழைய கல்வெட்டுகள் தமிழில் இருக்கின்றன. தெருவில் தெலுங்கு பேசுகிறோம். வீட்டுக்குள் எது எந்த மொழி என்று பிரித்துப் பார்க்க நமக்கு நேரமில்லை. இப்படிப்பட்ட வீடுகளுக்குள் ஒவ்வொரு மாலையும் நுழைந்த ஒரு விருந்தாளியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். வணிகத் தொலைக்காட்சி அதன் பெயர். இன்று அது தளர்ந்து போயிருக்கிறது. ஏன் தளர்ந்தது என்று கேட்டால் ‘எல்லாரும் போனுக்குப் போய்விட்டார்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். எனக்கு அந்த விடை போதவில்லை.

நான் வளர்ந்தது நகரிப் பக்கம். 1980களில் மூங்கில் கழி கட்டி ஆன்டெனாவைத் தூக்கி நிறுத்தினால்தான் சென்னைத் தூர்தர்ஷன் புள்ளி புள்ளியாகத் தெரியும். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ வரும் நேரத்தில் ஒருவர் கூரை மேலே நின்று கழியைத் திருப்புவார், கீழேயிருந்து மற்றவர்கள் ‘போதும், போதும்’ என்று கூவுவார்கள். அதெல்லாம் முடிந்து கேபிள் வந்தது. 1999இன் கடைசியில் சன் டிவியில் ‘சித்தி’ தொடங்கியது. இரவு ஒன்பதரை. என் அம்மா அதைத் தமிழில் பார்ப்பார். பக்கத்து வீட்டு அக்கா அதே கதையைத் தெலுங்கில், ஜெமினி டிவியில், ‘பின்னி’ என்ற பெயரில் பார்ப்பார். தெலுங்கு பின்னால் வந்துகொண்டிருந்ததால் காலையில் தண்ணீர்க் குழாயடியில் அந்த அக்கா அம்மாவிடம் கேட்கும் முதல் கேள்வி, ‘தர்வாத்த ஏமைந்தி?’ என்பதுதான். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? அம்மா சொல்ல மாட்டார். சொன்னால் இரவு பார்க்கும் ருசி போய்விடும் என்பார்.

இந்தக் குழாயடிதான் என் ஆய்வின் தொடக்கம். நான் சொல்ல வந்தது இதுதான்: வணிகத் தொலைக்காட்சி விற்ற சரக்கு நிகழ்ச்சி என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். அது விற்றது நேரத்தை. லட்சக்கணக்கான வீடுகள் ஒரே பொழுதில் ஒன்றுகூடும் அந்த ஒன்பதரை மணியை. டிஜிட்டல் காலம் பார்வையாளரைக் கொண்டுபோவதற்கு முன்பே அந்த மணியைக் கொண்டுபோய்விட்டது. மற்ற நட்டங்கள் அதிலிருந்து கிளைத்தவை.

1. நேரம் என்னும் சரக்கு

1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு நாளில் கலாநிதி மாறன் சன் டிவியைத் தொடங்கினார். ஜீ டிவி வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. சன் டிவியும் தொடக்கத்தில் நாள் முழுதும் ஓடியதில்லை, சில மணி நேரந்தான். 1995இல் தெலுங்குக்கு ஜெமினி டிவி வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று ராமோஜி ராவ் ஐதராபாத்தில் ஈடிவியைத் தொடங்கினார். நம் பகுதி வீடுகளுக்கு ஒரே ஆண்டில் இரண்டு தெலுங்குக் கதவுகள் திறந்தன. ஜெமினி பிறகு சன் குழுமத்தின் தெலுங்கு முகமாகவே நிலைத்தது.

சன் குழுமம் கட்டிய வியாபார முறையை மாணவர்கள் கூர்ந்து படிக்க வேண்டும். சேனல் தானே சீரியல் எடுத்துக் காட்டுவது ஒரு முறை. சன் பெரிதும் வளர்த்தது வேறொரு முறை. தயாரிப்பாளர் அரை மணி நேரத்தைச் சேனலிடமிருந்து கட்டணம் கட்டி வாங்குவார். அந்த அரை மணிக்குள் சில நிமிட விளம்பர இடம் அவருக்கு உரிமையாகும். அதைச் சோப்புக் கம்பெனிக்கும் மசாலாக் கம்பெனிக்கும் நகைக்கடைக்கும் அவரே விற்றுப் பணமாக்க வேண்டும். சீரியல் ஓடினால் லாபம், ஓடாவிட்டால் நட்டம் அவருடையது. நிறுவனத்தின் கணக்கில் விளம்பர வருவாய் ஒரு வரியாகவும் இந்த ஒளிபரப்புக் கட்டணம் தனி வரியாகவும் வரும்.

கோயில் மாடவீதியில் கடை ஏலம் எடுப்பது போன்ற ஏற்பாடு இது. வீதியில் கூட்டம் நடக்கும் வரை கடைக்கு வாடகை உண்டு. என்ன விற்பது என்பது கடைக்காரர் கவலை. ஒன்பதரை மணி என்ற கடையை ராதிகா சரத்குமாரின் ராடான் நிறுவனம் எப்படிக் கையில் வைத்திருந்தது பாருங்கள். ‘சித்தி’, ‘அண்ணாமலை’, ‘செல்வி’, ‘அரசி’, ‘செல்லமே’, ‘வாணி ராணி’ என்று 2018 வரை அவருடைய தொடர்கள் அந்த நேரத்தோடு ஒட்டியே வளர்ந்தன. கதை முடியும், பாத்திரங்கள் போவார்கள், மணி மட்டும் அங்கேயே நிற்கும். சாப்பாட்டுக் கடையை எப்போது ஒதுங்க வைப்பது என்பதைக்கூட அந்த மணி முடிவு செய்தது. மூன்று தலைமுறைப் பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து ஒரு கதைக்குத் தீர்ப்புச் சொன்ன பொழுது அது. சீரியலை இழிவாகப் பேசும் அறிஞர்கள் பலர் உண்டு. அழுகையும் சதியும் நிறைந்தது என்பார்கள். அந்தக் குறையை நான் மறுக்கவில்லை. ஆனால் நாளெல்லாம் உழைத்த ஒரு பெண், கேள்வி கேட்பாரின்றித் தனக்கென்று எடுத்துக்கொண்ட அரை மணி அது என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

2006இல் சன் டிவி பங்குச் சந்தைக்கு வந்தபோது முதலீட்டாளர்கள் விலை கொடுத்து வாங்கியதும், கணக்கில் எப்படி எழுதப்பட்டிருந்தாலும், இந்தப் பொழுதுகளைத்தான்.

2. கம்பியும் வசூல் நோட்டும்

விளம்பரம் ஒரு காலென்றால் சந்தா மறு கால். அந்தக் கால் நெடுநாள் ஊனமாகவே இருந்தது. காரணம், வீட்டுக்கும் சேனலுக்கும் நடுவில் நின்ற கேபிள்காரர்.

அவர்களைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. மின்கம்பம் ஏறி, மழையில் நனைந்து, மாதம் பிறந்தால் வாசல் வாசலாக நின்று பணம் வாங்கி இந்தத் தொழிலைத் தோளில் சுமந்தவர்கள் அவர்கள். அவர்கள் கையில் ஒரு நீள நோட்டு இருக்கும். எந்தத் தெரு, எந்த வீடு, எந்த மாதம் கட்டினார், எந்த மாதம் பாக்கி என்று எல்லாம் அதில் உண்டு. அந்த நோட்டில் இருந்த வீடுகளின் எண்ணிக்கை ஒன்று, சேனல்காரருக்குச் சொல்லப்பட்ட எண்ணிக்கை வேறு. நாடு முழுதும் நிலைமை இதுதான். அனலாக் காலத்தில் எந்த வீட்டில் எந்தச் சேனல் ஓடுகிறது என்று எண்ண வழியே இல்லை.

எண்ணுவதற்காகவே செட்டாப் பாக்ஸ் வந்தது. 2011இல் கேபிள் சட்டம் திருத்தப்பட்டு, பெருநகரங்களில் தொடங்கி நான்கு கட்டங்களாக 2017 மார்ச் வரை டிஜிட்டல் மாற்றம் நடந்தது. பெட்டி வந்ததும் வீடுகள் எண்ணில் அகப்பட்டன. பிறகு 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை நடப்புக்கு வந்தது. அப்போது அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு. அதற்கு மேல் வேண்டிய சேனலை விலை பார்த்துத் தேர்ந்துகொள்ள வேண்டும். எண்ண முடியாத சந்தாவுக்காக இருபத்தைந்து ஆண்டு போராடிய ஒளிபரப்பாளருக்கு அது பெரிய வெற்றி.

அந்த வெற்றி வந்து சேர்ந்த நேரத்தைக் கவனியுங்கள். 2016 செப்டம்பர் 5 அன்றே கைபேசி இணையச் சேவையான ஜியோ வந்துவிட்டது. நம் மாநிலத்தில் 2017 டிசம்பர் 27 அன்று குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் ஆந்திர ஃபைபர்நெட்டைத் தொடங்கி வைத்தார். தொலைக்காட்சி, இணையம், தொலைபேசி மூன்றும் ஒரே கம்பியில், அப்போது மாதம் 149 ரூபாய். சேனல் வரும் அதே கம்பியில் சேனலின் போட்டியாளரும் வந்துவிட்டார். கொண்டுவந்து மாட்டியவரும் அதே கேபிள்காரர்தான். கம்பியில் உள்ள வீடுகளைச் சரியாக எண்ணக் கற்றுக்கொண்ட பொழுதில் அந்த வீடுகள் கம்பியை வேறு வேலைக்குப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தன.

3. மணியை உடைத்த கை யாருடையது?

இங்கேதான் நான் பலரோடு மாறுபடுகிறேன். யூடியூபும் நெட்ஃபிளிக்ஸும் வந்து உடைத்தன என்பது பாதி உண்மை. மீதிப் பாதியைச் செய்தது தொலைக்காட்சி நிறுவனங்களே.

ஸ்டார் குழுமம் 2015இல் ஹாட்ஸ்டாரைத் தொடங்கியது. 2019இல் ஆண்டுக்கு 365 ரூபாய்க்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். அதன் ஈர்ப்புகளில் ஒன்று, இரவு டிவியில் வரப்போகும் சீரியலை அன்று காலையிலேயே பார்த்துவிடலாம் என்பது. என் அம்மா குழாயடியில் சொல்ல மறுத்த கதையை ஒரு நாள் சம்பாத்தியத்தில் சிறு பங்குக்குக் கம்பெனியே முன்கூட்டி விற்றது! அன்றிலிருந்து ஒன்பதரை மணி ஒரு வசதியாகச் சுருங்கிவிட்டது. கட்டாயம் போய்விட்டது. கட்டாயம் இல்லாத பொழுதுக்கு விளம்பரக்காரர் பழைய விலை கொடுக்க மாட்டார்.

சன் குழுமம் 2017இல் சன் நெக்ஸ்ட் தொடங்கியது. தன் படக் கிடங்கையும் தொடர்களையும் அங்கே வைத்தது. செய்யாமல் இருக்க முடியாது என்பதும் உண்மை. வாசலில் வெள்ளம் வந்தபின் வீட்டுக்காரர் படகு செய்வதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் டிவியில் ஒரு வீடு தரும் வருவாய்க்கு ஈடான தொகையை அதே வீடு செயலியில் தருவதில்லை. ஒரு பக்கம் பழைய கடையைக் காக்க வேண்டும், மறுபக்கம் அதே சரக்கைப் புதிய கடையில் குறைந்த விலைக்குக் கொடுக்க வேண்டும். தெலுங்கில் 2020இல் வந்த ஆஹா போன்ற தளத்துக்கு இந்தச் சங்கடம் இல்லை, காக்க வேண்டிய பழைய கடை அதற்குக் கிடையாது.

நேர விற்பனை முறையும் கூடவே ஆட்டம் கண்டது. பொழுதுக்கு உறுதி இல்லாதபோது தயாரிப்பாளர் எதை நம்பிக் கட்டணம் கட்டுவார்? 2010களின் பிற்பகுதியிலிருந்து சன் டிவி மெல்ல மெல்லத் தானே பணம் போட்டுத் தொடர் எடுக்கும் முறைக்கு மாறி வந்தது. வாடகை வாங்கிக்கொண்டிருந்தவர் தானே கடை நடத்த இறங்கினார். நட்டத்தின் பாரமும் அவர் தலைக்கு வந்தது. தமிழ்த் தொலைக்காட்சி வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் இதைப் பற்றி எழுதியவர் மிகக் குறைவு.

4. இரண்டு தராசு

விளம்பரக்காரர் பக்கம் வருவோம். தொலைக்காட்சியில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை பார்வையாளர் அளவீட்டுக்கான பார்க் (BARC) அமைப்பு மாதிரி வீடுகளை வைத்துக் கணக்கிடுகிறது. நாட்டில் தொலைக்காட்சி உள்ள வீடுகள் சுமார் 21 கோடி என்று 2020இல் அந்த அமைப்பே மதிப்பிட்டது. மீட்டர் வைத்த வீடுகளோ சில பத்தாயிரங்களே. மாதிரி முறை தவறில்லை, புள்ளியியல் அப்படித்தான் இயங்கும். ஆனால் 2020 அக்டோபரில் மும்பையில் டிஆர்பி மோசடி வழக்கு வெடித்து, செய்திச் சேனல்களின் தரவரிசை 2022 மார்ச் வரை நிறுத்தி வைக்கப்பட்டபோது, தராசின் மேலேயே சந்தேகம் விழுந்தது. அதே காலத்தில் கூகுளும் ஃபேஸ்புக்கும் வேறொரு தராசைக் காட்டின. திருப்பதியில் ஒரு ஜவுளிக்கடை வைத்திருப்பவர் ஆந்திரம் முழுவதற்கும் விளம்பரம் வாங்க வேண்டியதில்லை. தன் கடையைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் இருப்பவருக்கு மட்டும் காட்டினால் போதும். அதைச் சில நூறு ரூபாயில் தொடங்கலாம். முன்பு அவருக்கு இருந்த வழி உள்ளூர் கேபிள் சேனலில் அடியில் ஓடும் எழுத்து விளம்பரம் ஒன்றுதான்.

சட்டத்தின் தராசும் இரண்டு. டிவியில் ஒரு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்பது விதி. இணையத்துக்கு அப்படி ஒன்றில்லை. தொகுப்பில் சேர வேண்டுமானால் ஒரு சேனலின் விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது என்றார்கள். 2020இல் அதை 12 ஆக்க முனைந்தார்கள். வழக்குகள் நடந்தன. 2022 நவம்பரில் மீண்டும் 19 என்றார்கள். ஓடிடி தளம் தன் விலையைத் தானே வைத்துக்கொள்கிறது. ஒளிபரப்பாளர்கள் இதைச் சுட்டிக்காட்டிப் புலம்புவதில் நியாயம் உண்டு. அலைகள் பொதுச் சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது பெரிய வாக்கு. அந்தப் பொதுச் சொத்தைப் பயன்படுத்துபவருக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஒரே வீட்டின் ஒரே திரையில் வரும் இருவரில் ஒருவருக்கு மட்டும் கட்டுப்பாடு என்பதுதான் பொருந்தவில்லை.

ஃபிக்கியும் இ.ஒய். நிறுவனமும் ஆண்டுதோறும் வெளியிடும் ஊடகத் தொழில் அறிக்கையின்படி, 2024இல் டிஜிட்டல் ஊடகத்தின் வருவாய் முதன்முறையாகத் தொலைக்காட்சியைத் தாண்டியது. தொலைக்காட்சியின் முப்பது ஆண்டுக் கோட்டை அப்படிச் சரிந்தது.

5. தப்பித்த ஒரு பொழுது

எல்லாம் உடைந்தபின்னும் ஒன்று உடையவில்லை: நேரலை. முடிவு தெரியாத நிகழ்வை நாளைக்குப் பார்க்கலாம் என்று யாரும் தள்ளி வைப்பதில்லை. தேர்தல் வாக்கு எண்ணிக்கை, கிரிக்கெட், திருமலையின் கருட சேவை ஆகியவை இன்றும் எல்லாரையும் ஒரே மணிக்குக் கூட்டுகின்றன. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2008இல் தொடங்கி 2017இல் தமிழிலும் கொண்டுவந்த எஸ்.வி.பி.சி. சேனலை நம் தாய்மார்கள் பார்ப்பதும் இதனால்தான். அது வணிகச் சேனல் இல்லை. ஆயினும், வணிகச் சேனல் தொலைத்த பொருள் எது என்பதை அது நமக்குக் காட்டுகிறது. மலைமேல் இப்போது நடப்பது இப்போதே என் கூடத்தில் நடக்கிறது என்ற உணர்வு அது.

அந்த உணர்வின் விலை எவ்வளவு என்பதை ஐபிஎல் ஏலம் சொன்னது. 2017இல் ஐந்தாண்டுக்கு டிவி, டிஜிட்டல் இரண்டையும் சேர்த்து ஸ்டார் 16,347 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அப்போது டிஜிட்டலுக்கு மட்டும் ஃபேஸ்புக் கேட்ட தொகை 3,900 கோடி. 2022இல் இரண்டையும் பிரித்து ஏலம் விட்டார்கள். டிவி உரிமை 23,575 கோடிக்கு ஸ்டாருக்கும், இந்திய டிஜிட்டல் உரிமை 20,500 கோடிக்கு வயாகாம்18க்கும் போயிற்று. ஐந்தே ஆண்டில் இரண்டும் ஏறக்குறைய தோளோடு தோள் உரசும் அளவுக்கு வந்துவிட்டன. பிறகு அந்த இரு குழுமங்களுமே 2024 நவம்பரில் இணைந்தன. ஜீயும் சோனியும் இணையப் போட்ட ஒப்பந்தம் அந்த ஆண்டு ஜனவரியில் முறிந்தது. தெலுங்கில் மா டிவி 2015இலேயே ஸ்டாருக்குப் போய்விட்டது.

இந்தச் சுழலில் சன் குழுமம் தனியே நின்றது. 2012இல் ஆண்டுக்கு 85.05 கோடி ரூபாய் என்று ஒப்புக்கொண்டு ஐபிஎல்லின் ஐதராபாத் அணியை எடுத்தது. அப்போது பலர் அதை ஆடம்பரம் என்றார்கள். இன்று பார்த்தால், ஒளிபரப்பு உரிமைக்கு ஏலம் கேட்கும் இடத்திலிருந்து அந்த ஏலப் பணத்தில் பங்கு வாங்கும் இடத்துக்கு அது நகர்ந்துவிட்டது தெரிகிறது. தொழிலாக அது கூர்மையான முடிவு. ஆனால் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் தொலைக்காட்சிக்கு வெளியே பாதுகாப்பைத் தேட வேண்டி வந்ததே, அதுதான் என்னை உறுத்துகிறது.

6. எல்லைப்புற வீடு

கடைசியாக நம் வீட்டுக்கு வருகிறேன். 2019 கட்டண முறை வரும் முன்பு, நம் பகுதிக் கேபிள்காரர் தமிழும் தெலுங்கும் சேர்த்தே விடுவார். தெருவில் எந்த வீட்டுக்கு எது வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவர் தராசு துல்லியமில்லாதது, ஆனால் அவர் தெருவை அறிந்தவர். புதிய முறையில் தொகுப்பு மாநிலத்தை வைத்து அமைந்தது. ஆந்திரத்துக்குத் தெலுங்குத் தொகுப்பு. தமிழ் வேண்டுமானால் அதற்கு மேல் தனியே பணம். தேர்ந்தெடுக்கும் உரிமை என்றார்கள். பாட்டிக்காக ஒரு சேனலுக்கு மாதம் 19 ரூபாயும் வரியும் கட்ட வேண்டுமா என்று எத்தனை வீட்டில் பேச்சு நடந்திருக்கும்! எத்தனை வீட்டில் அந்தப் பேச்சே நடக்காமல் சேனல் நின்றிருக்கும்! தமிழ்நாட்டுப் பக்கம் ஓசூரிலும் திருத்தணியிலும் உள்ள தெலுங்கு வீடுகளுக்கும் இதே நிலைதான். பள்ளியில் தமிழ் படிக்க வாய்ப்பில்லாத சித்தூர் மாவட்டப் பிள்ளைக்கு, வீட்டுக்கு வெளியேயிருந்து வந்த தமிழ் ஒலி அந்தப் பெட்டி ஒன்றுதான். சந்தையின் கணக்கில் அந்தப் பிள்ளை மிகச் சிறிய எண். மாநில எல்லையை ஒட்டிய மாவட்டங்களில் பக்கத்து மொழியின் இரண்டு சேனல்களையாவது அடிப்படைத் தொகுப்பில் சேர்க்க டிராய் வழி செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

போன் அந்த இடத்தை நிரப்பாதா என்று மாணவர் ஒருவர் காலையில் கேட்டார். தமிழ் கிடைக்கும், ஐயமில்லை. தேடுபவருக்குக் கிடைக்கும். எதைத் தேடுவது என்றே தெரியாத ஆறு வயதுப் பிள்ளை பாட்டியின் மடியில் படுத்துக்கொண்டு தானாகக் கேட்ட தமிழ் வேறு.

இந்த அவையில் கேபிள் தொழில் செய்த குடும்பங்கள் இருக்கின்றன என்று அறிகிறேன். உங்களிடம் ஒரு விண்ணப்பம். பரணில் அந்தப் பழைய வசூல் நோட்டுகள் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். எந்தத் தெருவில் எந்த வீடு எந்த ஆண்டு கேபிள் வாங்கிற்று, எப்போது நிறுத்திற்று, எந்தச் சேனல் வராததற்காகச் சண்டை போட்டது என்பதெல்லாம் உங்கள் கையெழுத்தில் மட்டுமே இருக்கிறது. எந்தக் கம்பெனியின் கணக்கிலும் அது கிடையாது. திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் இருக்கிறது, குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நோட்டுகளை அவற்றின் நூலகங்களுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது அட்டையின் மேல் ஊர்ப் பெயரையும் ஆண்டையும் எழுதிக் கொடுங்கள்.